காத்திரு என்று கட்டளையிட இவர்கள் யார்?

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர் ஒன்றியத்தில் இருக்கிறது திருமழபாடி. பங்குனியில் நந்திக் கல்யாணம் பார்க்க அக்கரைத் திருவையாற்றிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் ஜனங்கள் திரண்டு வருவார்கள். மற்ற நாட்களில் வயல் வேலைக்குப் போகிறவர்களும், விடியுமுன் வேன் ஏறி அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறவர்களும் வாழ்கிற சாதாரண ஊர்தான். பத்திரிகைச் சந்தா வசூலிக்கச் சமீபத்தில் ஒரு மாலை அங்கே போயிருந்தோம்.

ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அவர் ஒரு ஆலையில் காண்டிராக்ட் தொழிலாளி. மனைவி நடவு, களையெடுப்பு என்று கிடைக்கிற வேலைக்குப் போகிறவர். மகள் காலேஜில் முதல் வருஷம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட் போன். அன்றைக்குச் சண்டை அதைச் சுற்றித்தான்.

ஆலையில் காண்டிராக்டர் மாறியிருக்கிறார். பழைய காண்டிராக்டர் பி.எஃப். பிடித்ததே இல்லை. புதியவர் பிடிக்கச் சம்மதித்திருக்கிறார். ஆனால் 2025 ஆகஸ்ட் 1 முதல் புதிதாக பி.எஃப். எண் எடுக்க வேண்டுமானால் 'உமங்' என்ற சர்க்கார் செயலியில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும்படி விதி வந்துவிட்டது. அந்த ஒரு செயலி போதாது. முகத்தை ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு செயலியும் வேண்டும். "நாளைக்குள் முடித்துக்கொண்டு வா" என்று சூபர்வைசர் சொல்லி அனுப்பிவிட்டார். சாயங்காலம் வேனை விட்டு இறங்கிய மனுஷர், சட்டையைக்கூடக் கழற்றாமல் போனைக் கையில் எடுத்திருக்கிறார். வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, செயலி இறங்கவில்லை. "வைஃபைக்காகக் காத்திருக்கிறது" என்று எழுத்து மட்டும் நிற்கிறது.

மகள் வாங்கி எதையோ மாற்றிக் கொடுத்தாள். இப்போது வேறு செய்தி வந்தது: இன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது! தின்றது யார்? மகள் மத்தியானம் பார்த்த இரண்டு பாடங்கள் கொஞ்சம். யாரோ உறவுக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாண வீடியோக்கள், யாரும் கேட்காமலேயே தாமாக இறங்கியது மீதி. ஆனால் வசவு வாங்கியது மகள்தான். "படிக்கிறேன் படிக்கிறேன்னு நெட்டையெல்லாம் தீர்த்துட்டா தோழர்" என்றார் அவர். பெண் கண் கலங்கிப்போய் உள்ளே போய்விட்டாள். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி மட்டும் கேட்டார்: "அந்த வைஃபைங்கறது எந்த பஸ்ல வருது தோழர்? நானும் பொழுது சாய்ஞ்சதிலேருந்து பாக்கறேன், இன்னும் வந்து சேரலியே!"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கிழவி கேட்டதுதான் சரியான கேள்வி என்று திரும்பி வரும் வழியெல்லாம் நமக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

வைஃபை என்பது என்ன? வீட்டுக்கோ ஆபீசுக்கோ கம்பி வழியாக வந்து சேர்ந்த இணையத்தை நாலு சுவருக்குள் காற்றில் பரப்புகிற சின்னப் பெட்டி. கம்பி வந்த வீட்டில்தான் வைஃபை. நகரத்தில் மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது மின்விளக்கு மாதிரி எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கிறது. அந்த வீட்டுப் போன் ராத்திரி எல்லோரும் தூங்கும்போது வேண்டியதையெல்லாம் தானே இறக்கி, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. நம்முடைய போனும் அதே தொழிற்சாலையில், அதே கணக்கில் செய்த போன்தான். பெரிய கோப்பு என்றால் "வைஃபை வரட்டும்" என்று நிறுத்தி வை என்பது அதற்குள் முன்கூட்டியே எழுதிவைத்த உத்தரவு. வராத விருந்தாளிக்கு இலை போட்டுக் காத்திருப்பதுபோல அது காத்திருக்கிறது. செய்தவனுடைய மனக்கண்ணில் கூரை வீடும் ஓட்டு வீடும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்த உத்தரவு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனி 2008இல் தன் செயலிக் கடையைத் திறந்தபோது, செல்போன் டவர் வழியாக 10 எம்.பி.க்கு மேற்பட்ட எதையும் இறக்கக் கூடாது என்று தடை வைத்தது. (எம்.பி. என்றதும் ஓட்டு வாங்கிக்கொண்டு டில்லிக்குப் போனவரை நினைக்க வேண்டாம். இது மெகாபைட் என்ற அளவு.) 2010இல் அதை 20 ஆக்கினார்கள். 2012இல் 50, 2013இல் 100, 2017இல் 150, 2019இல் 200. அந்த வருஷம் செப்டம்பரில்தான் "வேண்டுமானால் நீயே முடிவு செய்துகொள்" என்று போன் வைத்திருப்பவனுக்கு விட்டார்கள். காசு கொடுத்துப் போனை வாங்கியவனுக்குத் தன் போனில் எதை எப்போது இறக்குவது என்று தீர்மானிக்கிற உரிமை கிடைக்கப் பதினோரு வருஷம்! அந்தத் தடைக்கு அந்த ஊரில் ஒரு நியாயமாவது சொல்ல முடியும். அங்கே அளவு மீறினால் மாதக் கடைசியில் பெரிய பில் வந்து விழும். 2010 ஜூனில் ஏ.டி. அண்ட் டி. என்ற அமெரிக்கக் கம்பெனி புதிய வாடிக்கையாளர்களுக்கு அளவில்லாத் திட்டத்தை நிறுத்தி, 200 எம்.பி. என்றும் 2 ஜி.பி. என்றும் அளந்து விற்க ஆரம்பித்தது. அப்படிப்பட்ட இடத்தில் "இது பெரிய கோப்பு, ஜாக்கிரதை" என்று போன் எச்சரிப்பதில் தவறில்லை. நாமோ முன்பணம் கட்டுகிறவர்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான், பில் வருவதற்கே வழியில்லை. அங்கே பாதுகாப்பு என்ற பேரில் வந்தது இங்கே வெறும் முட்டுக்கட்டையாக நிற்கிறது.

போனுக்குள் இருக்கிற இந்தத் தடையையாவது விவரம் தெரிந்த பிள்ளைகள் மாற்றிவிடுவார்கள். கம்பெனி போட்டிருக்கிற இரண்டாவது தடையை யார் மாற்றுவது?

நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. என்று விற்கிறார்கள். 28 நாளைக்குக் கணக்குப் பார்த்தால் 42 ஜி.பி. அத்தனைக்கும் முன்கூட்டியே பணம் வாங்கிவிடுகிறார்கள். கூலி வேலைக்காரர் பகலெல்லாம் வயலில் நிற்கிறார். ஆலைத் தொழிலாளியின் போன் ஷிப்டு முடிகிறவரை பெட்டியில் கிடக்கிறது. நாளைக்கு அரை ஜி.பி. செலவழித்தால் அதிகம். மீதி ஒரு ஜி.பி. என்ன ஆகிறது? நள்ளிரவு 12 மணி அடித்ததும் பறிமுதல்! 28 நாளில் 28 ஜி.பி. பறிமுதல்! மறுநாள் ஏதோ அவசரமாக ஒன்றரை ஜி.பி.க்கு மேல் தேவைப்பட்டால், நேற்று உங்களிடம் பிடுங்கியதையே இன்றைக்கு டாப்-அப் என்று உங்களுக்கே விற்கிறார்கள்.

உழவர் குடும்பங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறோம். மாதத்துக்கு வேண்டிய நெல்லை மொத்தமாகப் பணம் கட்டி வாங்கிவிட்டீர்கள். வியாபாரி தினம் ஒரு மரக்கால் அளந்து போடுகிறான். ராத்திரி பானையில் மிச்சமிருப்பதைத் துடைத்து வாரிக்கொண்டு போகிறான். விருந்தாளி வந்த அன்று கூடுதலாக ஒரு படி வேண்டுமென்றால் "காசு கொடு" என்கிறான். இப்படி ஒரு வியாபாரியை எந்தக் கிராமம் ஊருக்குள் விட்டுவைக்கும்?

அளவு தீர்ந்த பிறகும் இணைப்பு அறுபடாது, வேகம் மட்டும் குறையும் என்று கம்பெனிகள் பெருமையாக விளம்பரம் செய்கின்றன. எவ்வளவு குறையும்? பெரிய கம்பெனிகளின் விதிகளில் இருப்பது நொடிக்கு 64 கிலோபிட். நாம் ஒரு மாணவத் தோழரை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னோம். அந்த வேகத்தில் 100 எம்.பி. கோப்பு ஒன்று இறங்க ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஆகும்! நடுவில் சிக்னல் போகாமல் இருந்தால். பிராட்பேண்ட் என்று பெயர் சொல்ல வேண்டுமானால் குறைந்தது நொடிக்கு 2 மெகாபிட் வேகம் இருக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் சர்க்காரே நிர்ணயித்தது. அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்றை "அளவில்லா இணையம்" என்று பெயர் சூட்டி விற்கிறார்கள்.

விலையோ ஏணி ஏறுகிறது. ஜியோ கம்பெனியின் இதே ஒன்றரை ஜி.பி., 28 நாள் திட்டம் 2019 டிசம்பரில் ரூ. 199. 2021 டிசம்பரில் ரூ. 239. 2024 ஜூலையில் ரூ. 299. கூலி இந்த விகிதத்தில் ஏறியதா என்று உங்கள் மேஸ்திரியைக் கேட்டுப் பாருங்கள். போதாததற்கு மாதம் 28 நாளாகிவிட்டது. வருஷத்துக்கு 12 மாதம் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. கம்பெனிப் பஞ்சாங்கத்தில் 13 மாதம். பதின்மூன்று ரீசார்ஜுக்கு அந்த நூறு ரூபாய் உயர்வு மட்டும் வருஷத்துக்கு ரூ. 1,300 ஆகிறது. டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் தலையிட்டு, 30 நாள் திட்டமும் மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற திட்டமும் ஒவ்வொரு கம்பெனியும் வைத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டது. பெயருக்கு ஒன்றிரண்டு வைத்தார்கள். கடைக்காரர் நீட்டுவது என்னவோ 28 நாள்தான்.

"உலகத்திலேயே டேட்டா மலிவாகக் கிடைக்கிற நாடுகளில் ஒன்று இந்தியா, இன்னும் என்ன குறை?" என்று சில பத்திரிகைகள் எழுதுகின்றன. ஒரு ஜி.பி.யின் விலையைப் பார்த்தால் அது பொய்யல்ல. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, மறு ஆண்டு மார்ச் வரை இலவசமாக இறைத்தபோது விலை சரிந்தது உண்மை. சின்னக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டியதும் உண்மை. ஆனால் கூலிக்காரன் ஜி.பி. விலையிலா வாழ்கிறான்? கையில் உள்ள காசுக்கு வாங்க முடிகிறதா என்பதல்லவா கேள்வி! முன்பு 10 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்துகொண்டு மாதக்கணக்கில் போனை உயிரோடு வைத்திருந்தோம். 2018 கடைசியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும், வருகிற அழைப்பை வாங்குவதற்கே மாதம் குறைந்தது ரூ. 35 கட்ட வேண்டும் என்றார்கள். 2024 ஜூலையில் ஏர்டெல்லின் 28 நாள் அடிமட்டத் திட்டம் ரூ. 199 ஆயிற்று. மொத்த வியாபாரியின் விலையைக் காட்டிச் சில்லறை வாங்குகிறவனை வாயடைக்கிற தந்திரம் இது.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. அதை நேர்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு டவரின் அலை எல்லோருக்கும் பொது. ஒரே சமயத்தில் எல்லோரும் பெரிய கோப்புகளை இழுத்தால் யாருக்கும் கிடைக்காது, ஆகவே கட்டுப்பாடு தேவை என்கிறார்கள். இது உண்மைதான். நந்திக் கல்யாணத்தன்று திருமழபாடியில் நின்று போன் பேச முயன்றவர்களுக்கு நெரிசல் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் குறைந்தால் வாய்க்காலில் முறை வைப்பது நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஏற்பாடு. ஆனால் முறைப் பாசனத்தில் ஒரு நீதி உண்டு. மடைக்காரன் காசு வாங்கிக்கொண்டு ஒருவன் வயலுக்கு மட்டும் மடையைத் திறந்துவிட்டால் ஊர் சும்மா இருக்காது.

இங்கே நடப்பது என்ன? சாயங்காலம் ஏழு மணி. டவரில் நெரிசல், உனக்கு இனி இடமில்லை என்று வேகத்தை நெரிக்கிறார்கள். அதே நிமிஷம் டாப்-அப் போட்டால் அதே டவரில், அதே நெரிசலில் உடனே இடம் கிடைத்துவிடுகிறது! காசு கொடுத்ததும் அலை பெருகிவிட்டதா? அலை குறைவாக இருப்பதுதான் காரணமென்றால், நெரிசலே இல்லாத நடுச்சாமத்தில் மிச்சத்தைப் பறிப்பானேன்? அந்த நேரத்தில் இறக்கிக்கொள் என்றல்லவா சொல்ல வேண்டும்? 2024 ஜூலை விலை உயர்வின்போது இன்னொன்றும் செய்தார்கள். 5ஜி போன் வைத்திருந்து, நாளைக்கு 2 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட விலை உயர்ந்த திட்டம் போடுகிறவர்களுக்கு மட்டும் 5ஜியில் அளவே கிடையாது என்றார்கள். புதுப் போன் வாங்க முடிந்தவனுக்கு அணை திறந்துவிடுகிறது. பழைய 4ஜி போனோடு கடைமடையில் நிற்கிறவனுக்கு முறை! அதையும் நள்ளிரவில் அடைத்துவிடுகிறார்கள்.

பொழுதுபோக்குக்காகப் போனைப் பார்க்கிறார்கள், குறைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிற பெரிய மனிதர்கள் உண்டு. உழைக்கிறவனுக்கு ஒரு சினிமா பார்க்கும் உரிமையும் உண்டு என்பதை ஒரு பக்கம் வைப்போம். திருமழபாடித் தோழர் இறக்க முயன்றது சினிமாவா? பி.எஃப். பணத்துக்கான செயலி! போனைக் கையில் திணித்தது யார்? நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தலங்களிலும் நாளுக்கு இரண்டு முறை தொழிலாளர்களை நிறுத்திப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்றார்கள். பணித்தளப் பொறுப்பாளர்கள் தங்கள் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் அதைச் செய்தார்கள். படம் ஏறாத அன்று மண் சுமந்தவர்களுக்குக் கூலி சந்தேகம். அந்த வருஷம் டில்லி ஜந்தர் மந்தரில் இதை எதிர்த்து உட்கார்ந்தார்கள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். டிஜிட்டல் கண்காணிப்பு புதிய சட்டத்திலும் இடம்பிடித்துவிட்டது. அங்கன்வாடி ஊழியரைக் கேளுங்கள், விவசாய உதவித்தொகைக்கு முகப்பதிவு செய்யப் போனவரைக் கேளுங்கள், கதை இதுதான். கட்டாயம் சர்க்காருடையது, வசூல் கம்பெனியினுடையது, செலவு நம்முடையது.

இலவசமாகக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? அதிலும் ஜாக்கிரதை வேண்டும். ஃபேஸ்புக் கம்பெனி "ஏழைகளுக்கு இலவச இணையம்" என்று ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தோடு வந்தது நினைவிருக்கலாம். தான் பொறுக்கியெடுத்த சில தளங்கள் மட்டும் இலவசம், மற்றதெல்லாம் காசு. நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர் டிராய்க்கு எழுதினார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று, பார்க்கிற பொருளைப் பொறுத்து டேட்டாவுக்கு வேறுவேறு விலை வைப்பதைத் தடை செய்து உத்தரவு வந்தது. மீறினால் நாளொன்றுக்கு ரூ. 50,000 அபராதம். சில நாட்களிலேயே ஃபேஸ்புக் மூட்டையைக் கட்டியது. ஊருக்கு ஒரே கிணறு, அது பண்ணையார் வீட்டுக் கொல்லையில் என்றால் தண்ணீர் இலவசமாக இருந்து என்ன பயன்?

நம் ராஜ்ய சர்க்காரும் ஒரு தடவை கொடுத்துப் பார்த்தது. கொரோனாக் காலத்தில் காலேஜ்கள் மூடிக் கிடந்தபோது சுமார் 9 லட்சத்து 69 ஆயிரம் மாணவர்களுக்கு நாளைக்கு 2 ஜி.பி. வீதம் டேட்டா கார்டு தருவதாக அறிவித்தார்கள். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, நாலு மாதம். தேர்தல் வந்தது, போனது, கார்டும் காலாவதியானது. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. அந்த நாலு மாதம் எத்தனையோ பிள்ளைகளுக்கு உதவியிருக்கும். ஆனால் பாடங்கள் நாலு மாதத்தோடு முடிந்துவிட்டனவா?

செய்ய முடியாத எதையும் நாம் கேட்கவில்லை. சீனாவில் 2015 அக்டோபரிலிருந்து, மாதக் கடைசியில் மிஞ்சிய டேட்டாவை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோக அங்குள்ள கம்பெனிகள் வழிசெய்தன. தென்னாப்பிரிக்காவில் டேட்டா விலையை எதிர்த்து 2016இல் ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். 2019இல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் அமலுக்கு வந்தன. மிச்சத்தை அடுத்த தவணைக்கு நீட்டிக்கவும், வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் கம்பெனிகள் இடம் தந்தாக வேண்டும். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? இங்கேயே வோடபோன் ஐடியா 2020இலிருந்து சில திட்டங்களில், வார நாட்களில் மிஞ்சியதைச் சனி, ஞாயிறில் செலவழித்துக்கொள்ள விட்டது. ஆகவே இயந்திரத்தால் முடியாது என்று யாரும் கதை அளக்க வேண்டாம். 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டதும், டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சுக்கு மட்டுமான திட்டங்களைக் கம்பெனிகள் வெளியிட வேண்டி வந்ததே. மிச்சத்தைப் பறிக்காதே என்றும் ஒரு உத்தரவு போட்டால் என்ன?

பாட்டி கேட்ட பஸ்ஸின் கதை இன்னும் விசித்திரமானது. அது புறப்பட்டே வெகுநாளாயிற்று. 2011 அக்டோபரில் மத்திய மந்திரிசபை, நாட்டின் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி போடுவதாகத் தீர்மானித்தது. பிறகு பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள். தவணைகளும் மாறிக்கொண்டே போயின. நம் ராஜ்யத்தில் 12,525 ஊராட்சிகளுக்கும் நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் இணைப்பு என்று திட்டம். 2018ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையில் 2022க்குள் ஒரு கோடி பொது வைஃபை மையங்கள் என்று எழுதினார்கள். 2022 வந்து போய்விட்டது. அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூடப் போகவில்லை. 2020 டிசம்பரில் டீக்கடை, மளிகைக்கடைகூட வைஃபை விற்கலாம் என்று பி.எம்.-வாணி திட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சின்னக் கடைக்காரர்களிடம் வாங்கும் இணைப்புக் கட்டணத்துக்கு டிராய் உச்சவரம்பு கட்ட 2025 ஜூன் ஆயிற்று.

நமது சுற்றுப்பயணத்தில் ஒரு ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்தோம். எந்த ஊர் என்று இங்கே எழுதப் போவதில்லை. பீரோவுக்கு மேலே, தூசிக்கு நடுவில், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு இருந்தது. அலுவலகம் பூட்டியதும் அதுவும் உள்ளே பூட்டப்பட்டுவிடுகிறது. வெளியே மரத்தடியில் பையன்கள் டேட்டா தீர்ந்த போன்களோடு உட்கார்ந்திருந்தார்கள். வைஃபை பஸ் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஜனங்களைத்தான் ஏற்றவில்லை!

கதவைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எர்ணாகுளம் ரயில் நிலையத்தைப் பாருங்கள். ரயில் நிலையங்களில் இலவச வைஃபை 2016 முதல் வர ஆரம்பித்தது. அங்கே மூட்டை தூக்கிய ஒரு போர்ட்டர், காதில் பாடத்தைக் கேட்டுக்கொண்டே சுமை சுமந்தார். 2018இல் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். புத்தகம் வாங்கக் காசில்லாதவனுக்கு அந்த நிலையத்துக் காற்றே பள்ளிக்கூடமாயிற்று. அதே கேரளத்தில் 2019 செப்டம்பரில், மாணவியர் விடுதியில் போனுக்குத் தடை போட்ட வழக்கில், இணையம் பெறுவது கல்வி உரிமையின் பகுதி என்று ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. இடது முன்னணி சர்க்கார் 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் என்ற சொந்தக் கம்பி வலைப்பின்னலைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது லட்சியம். முதல் கட்டமாக எடுத்துக்கொண்டது தொகுதிக்கு 100 வீதம் 14,000 குடும்பங்கள். நம்மவர்கள் ஆரம்பித்தது என்பதற்காக மூடி மறைக்க வேண்டியதில்லை. இந்த வேகம் போதாது. ஆனால் பாதை சரியானது.

அலை யாருடையது? வானத்து அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2012 பிப்ரவரியில் அதே கோர்ட் 122 லைசென்சுகளை ரத்து செய்ததையும் நாடு மறக்கவில்லை. பொதுச்சொத்தைப் பொதுத்துறை வைத்திருந்தால் கம்பெனிகள் இப்படி ஆட முடியுமா? பி.எஸ்.என்.எல்.லுக்கு என்ன செய்தார்கள்? ஜியோ 2016இல் 4ஜியோடு களத்தில் இறங்கியது. பி.எஸ்.என்.எல்.லின் 4ஜியை 97,500 டவர்களோடு பிரதம மந்திரி தொடங்கிவைத்தது 2025 செப்டம்பர் 27 அன்று! நடுவில் ஒன்பது வருஷம். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,500 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியே போனார்கள். ஓடப்போகிறவன் காலைக் கட்டிப்போட்டுவிட்டு, பார் அவன் ஓட மாட்டேன் என்கிறான் என்று சொன்ன கதை இது.

போனுக்குள் செய்யக்கூடியதை இன்றைக்கே செய்துகொள்ளுங்கள். நாமே பட்டன் போன் பேர்வழி. மாணவத் தோழர் சொல்லிக் கொடுத்ததை எழுதுகிறோம். வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பகமும் டேட்டாவும் என்ற பகுதி இருக்கிறது. அதில் மொபைல் டேட்டாவில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். பிளே ஸ்டோர் அமைப்புகளில், செயலியை எந்த நெட்வொர்க்கிலும் இறக்கலாம் என்று மாற்றிக்கொள்ளலாம். பெரிய கோப்பு ஏதும் வேண்டியிருந்தால் இரவு பத்து மணிக்கு மேல், அன்றைய மிச்சம் பறிபோகுமுன் இறக்குங்கள். நாள் முழுவதும் உழைத்தவன் அதற்காகக் கண்விழிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கொடுமை.

திருமழபாடித் தோழருக்கு அன்றிரவு எப்படிப் பார்த்தும் வேலை நடக்கவில்லை. மறுநாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வெளியூர்க் கடை ஒன்றுக்குப் போய்க் காசு கொடுத்து முடித்துவந்தார். மகளைக் கடிந்துகொண்டதற்காக வருத்தப்பட்டார் என்று அவர் மனைவி சொன்னார்.

மே 1 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளிலும் கூடும். கம்பி வந்திருக்கிற ஊராட்சிகளில் அந்த இணைப்பை நூலகத்திலும் சமுதாயக் கூடத்திலும் இரவு ஒன்பது மணிவரை ஜனங்களுக்குத் திறந்துவிட வேண்டும். கம்பி வராத ஊருக்குத் தேதி சொல்ல வேண்டும். செயலியைக் கட்டாயமாக்குகிற முதலாளியும் இலாகாவும் அதற்கான டேட்டாச் செலவைத் தர வேண்டும். வாங்கிய டேட்டாவில் மிச்சமானது வாங்கியவனுக்கே சேர வேண்டும் என்று டிராய்க்கு எழுத வேண்டும். இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். வாசகம் வேண்டுவோர் கிளைச் செயலாளரிடம் கேட்டால் அரைப் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறோம். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்குகிற வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. திருமழபாடியில் அந்தப் பாட்டி, தானே எழுந்து பேசப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.